ஜனவரிப் பிள்ளையும் நவம்பர்ப் பிள்ளையும்

நோன்புப் பெருநாள் கழிந்து மூன்று வாரமளவில் இருக்கும். இரவு பத்து மணி தாண்டி கனடாவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. பேசியவர் இருபது வருடங்களுக்கு முன்னர் என்னிடம் ஓதிய மாணவர். இப்போது டொரொண்டோ நகருக்குப் பக்கத்தில் மனைவி மக்களோடு குடியிருக்கிறார். வழக்கமாக ஸலாம் சொல்லி, சுகம் விசாரித்து, ஊர்ப் புதினம் கேட்டுவிட்டு வைத்துவிடுவார். அன்று குரல் தளர்ந்திருந்தது.

"ஹஸ்ரத், சின்னவன் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடுகிறானில்லை."

நோயோ என்று பயந்துவிட்டேன். நோயில்லை. ஒன்பது வயதுப் பையன் ஐஸ் ஹொக்கி அணியொன்றின் தெரிவுக்குப் போயிருக்கிறான். பட்டியல் வந்தது. அவன் பெயர் அதில் இல்லை. அவனோடு ஒரே வகுப்பில் படிக்கும் கூட்டாளியின் பெயர் இருக்கிறது. அன்றிரவு வாப்பாவிடம் வந்து, "நான் விளையாட்டுக்குச் சரிவராதவனா?" என்று கேட்டானாம். அதற்குப் பிறகு சறுக்குச் சப்பாத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டானாம்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஐஸ் ஹொக்கியை நான் கண்ணாலும் கண்டதில்லை. வாப்பாவுக்கு ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு வைத்தேன். ஆனால் மனம் கேட்கவில்லை. ஒன்பது வயதில் ஒரு பிள்ளையை ஆகுமென்றும் ஆகாதென்றும் எவ்வாறு பிரிக்கிறார்கள்? பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் இதை விட்டுவிட முடியவில்லை. கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். அந்த மாணவரிடமும் அடிக்கடி கேட்டறிந்தேன். அப்படி அறிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எப்படிப்பட்ட விளையாட்டு

நம் நாட்டில் ஹொக்கி என்றால் தரையில் ஆடும் ஹொக்கிதான். மாத்தளைப் பக்கத்து வாசகர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐஸ் ஹொக்கி அதுவல்ல. ஏறக்குறைய 61 மீற்றர் நீளமும் 26 மீற்றர் அகலமும் கொண்ட உறைந்த தளத்தில் ஆடுவது. சப்பாத்தின் அடியில் கத்தி போன்ற உருக்குத் தகடு இருக்கும். பந்துக்குப் பதிலாக 170 கிராம் அளவில் நிறையுள்ள கெட்டியான இறப்பர் வட்டு. கோல் காப்பாளர் உட்பட ஒரு பக்கத்துக்கு 6 பேர் தளத்தில் நிற்பார்கள். 20 நிமிடங்களாக மூன்று பகுதிகள். வேகமும் மோதலும் நிறைந்த ஆட்டம். கனடாவில் இதற்குள்ள மதிப்பு, நம் ஊர் ஒழுங்கைகளில் கிரிக்கெட்டுக்குள்ள மதிப்பைப் போன்றது. ஒருவேளை அதைவிடக் கூடியது.

இதில் தொழில்முறை வீரராவது என்றால், வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கில் இடம்பிடிப்பதுதான் உச்சம். அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 32 அணிகள் அதில் உள்ளன. அந்த அணிகள் இளம் வீரர்களைத் தாங்களாகப் போய்ப் பிடித்துக்கொள்ள முடியாது. ஆண்டுக்கொரு முறை நடக்கும் 'டிராப்ட்' என்ற தெரிவில் முறைவைத்துப் பெயர் சொல்லி எடுக்க வேண்டும். 7 சுற்றுக்கள், 32 அணிகள், ஆக ஒரு வருடத்தில் 224 பெயர்கள். அந்த ஆண்டு செப்டெம்பர் 15ஆம் திகதிக்குள் 18 வயதை அடையும் இளைஞர்கள் முதன்முறையாக அதற்குத் தகுதி பெறுகிறார்கள். கனடா, அமெரிக்கா, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா, செக் நாடு என எல்லா இடத்துப் பிள்ளைகளுக்கும் இந்த ஒரே வாசல்தான்.

வாசல் எவ்வளவு ஒடுக்கமானது என்பதற்கு ஓர் உதாரணம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1975ஆம் ஆண்டு பிறந்து ஹொக்கி ஆடிய சிறுவர்கள் ஏறக்குறைய 30,000 பேர். அவர்களில் பின்னாளில் தேசிய ஹொக்கி லீக் அணிகளின் தெரிவில் பெயர் வந்தவர்கள் 48 பேர். ஆயிரத்துக்கு இரண்டு பேர்கூட இல்லை. தெரிவானவர்களும் எல்லோரும் உண்மையில் அந்த லீக்கில் ஆடிவிடுவதில்லை.

இந்தக் கணக்கை நான் மாணவரிடம் சொன்னபோது அவர், "அது எங்களுக்கும் தெரியும் ஹஸ்ரத். ஆனால் அந்த இரண்டில் ஒருவன் என் மகனாக இருந்தால் என்ற எண்ணம் இங்கே ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது" என்றார். பனித்தள வாடகை, தலைக்கவசம், மட்டை, பயணம், தங்குமிடம் என்று அங்கே பெற்றோர் கொட்டும் பணத்தை அவர் சொல்லக் கேட்டு, நம் ஊர் டியூஷன் வகுப்புக்களை நினைத்துக்கொண்டேன்.

ஒரு தாயின் கண்ணில் பட்டது

இனி நான் சொல்லப்போவதுதான் என்னை மிகவும் சிந்திக்க வைத்த விடயம்.

கனடாவின் ஆல்பெர்ட்டா மாகாணத்திலுள்ள லெத்பிரிட்ஜ் நகரில் ரொஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் இருந்தார். 1980களின் முற்பகுதியில் ஒருநாள் தம் மனைவி போலாவுடனும் பிள்ளைகளுடனும் உள்ளூர் இளைஞர் அணியின் போட்டியொன்றைப் பார்க்கப் போயிருந்தார். போட்டிக் கையேட்டில் வீரர்களின் பெயர், உயரம், நிறை, பிறந்த திகதி எல்லாம் அச்சிட்டிருந்தார்கள். அதைப் புரட்டிக்கொண்டிருந்த மனைவிக்கு ஒன்று உறைத்தது. பிறந்த திகதிகளில் பெரும்பாலானவை ஜனவரி, பெப்ரவரி, மார்ச். கணவரிடம் காட்டினார். அவர் வீட்டுக்குப் போய் மற்ற அணிகளின் பட்டியல்களையும் எடுத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் அதே கதை. 1985இல் அதை ஆய்வாக வெளியிட்டார்கள்.

மிகச் சிறந்தவர்களைப் பொறுக்கியெடுத்த எந்தக் கனேடிய ஹொக்கிக் குழுவையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 40 வீதத்தினர் ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்கள்; 30 வீதத்தினர் ஏப்ரல் முதல் ஜூன் வரை; 20 வீதத்தினர் ஜூலை முதல் செப்டெம்பர் வரை; கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் 10 வீதமளவில்தான்.

ஜனவரியில் பிறப்பதில் ஏதும் விசேஷம் உண்டா? ஒன்றுமில்லை. கனடாவில் வயதுப் பிரிவைக் கணக்கிடும் எல்லை ஜனவரி 1ஆம் திகதி. ஒரே வருடத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் ஒரே பிரிவு. ஆகவே ஜனவரி 2ஆம் திகதி பிறந்தவனும் டிசம்பர் 30ஆம் திகதி பிறந்தவனும் ஒரே தெரிவுக்கு ஒரே நாளில் வந்து நிற்கிறார்கள். ஒன்பது வயதுப் பிரிவில் இருவருக்குமிடையே ஏறத்தாழ முழுதாக ஒரு வருட வித்தியாசம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு வருடம் என்பது அவன் வாழ்ந்த காலத்தில் ஒன்பதில் ஒரு பங்கல்லவா? மூத்தவன் இரண்டு அங்குலம் உயரமாக இருப்பான். கால் பலமாக இருக்கும். சொன்னதைப் புரிந்துகொள்ளும் பக்குவம் கூடியிருக்கும். பயிற்றுவிப்பாளர் அதைப் பார்த்து, "இவன் திறமைசாலி" என்று குறித்துக்கொள்கிறார்.

பிழை அத்தோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. தெரிவானவனுக்கு நல்ல பயிற்றுவிப்பாளர் கிடைக்கிறார். பனித்தளத்தில் அதிக நேரம் கிடைக்கிறது. போட்டிகள் கூடுகின்றன. தன்னைவிடச் சிறந்தவர்களோடு ஆடும் வாய்ப்புக் கிடைக்கிறது. மற்றவன் வாரத்தில் ஓரிரு மணித்தியாலம் ஆடிவிட்டுப் போகிறான். நான்கு வருடம் கழித்துப் பார்த்தால் முதலாமவன் உண்மையிலேயே சிறந்தவனாகிவிட்டிருப்பான். முதலில் மாதக் கணக்காக மட்டுமே இருந்த வித்தியாசத்தைப் பெரியவர்கள் சேர்ந்து திறமை வித்தியாசமாக வளர்த்துவிடுகிறார்கள். பிறகு, "பார்த்தீர்களா, அன்றைக்கே சொன்னோமே" என்று தங்கள் கணிப்பைத் தாங்களே மெச்சிக்கொள்கிறார்கள்.

இதைப் படித்த மறுநாள் வகுப்பிலே இடாப்பைத் திறந்து பிறந்த திகதிகளைப் பார்த்தேன். எத்தனை வருடமாக அந்த இடாப்பில் அடையாளமிட்டு வருகிறேன்! அந்த நிரலை ஒருநாளாவது கவனித்ததில்லை. "மந்தமானவன்" என்று நான் மனதுக்குள் முடிவுகட்டி வைத்திருந்த இரண்டு பிள்ளைகள் வகுப்பிலேயே வயதில் கடைசிகள். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அன்றிரவு நானே டொரொண்டோவுக்கு எடுத்தேன். "தம்பி, சின்னவன் பிறந்தது எந்த மாதம்?" என்று கேட்டேன். "நவம்பர் 28 ஹஸ்ரத். ஏன்?" என்றார். "தெரிவான கூட்டாளி?" சற்று நேரம் பேச்சில்லை. பிள்ளையின் உம்மாவிடம் கேட்பது காதில் விழுந்தது. ஜனவரி மாதம் அந்தப் பிள்ளையின் பிறந்தநாள் விருந்துக்குப் போய்வந்தது அவருக்கு ஞாபகமிருந்தது.

அமெரிக்கர் செய்தது

எல்லா நாட்டினரும் இதில் ஒரே வழியில் போகவில்லை. அமெரிக்காவின் அனுபவத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றும் இரண்டு காரியங்களை அவர்கள் செய்திருக்கிறார்கள்.

முதலாவது 1996இல் நடந்தது. அக்காலத்தில் 20 வயதுக்குட்பட்டோருக்கான உலகச் சம்பியன் போட்டியில் அமெரிக்கா ஒருமுறையேனும் தங்கம் வென்றதில்லை. பெரிய நாடு, பணத்துக்கும் குறைவில்லை, பிள்ளைகள் சிதறிக் கிடந்தார்கள். அமெரிக்க ஹொக்கிச் சம்மேளனம் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் தேசிய அணி அபிவிருத்தித் திட்டம் ஒன்றை ஆரம்பித்தது. நாடெங்கிலுமிருந்து பதினாறு வயதளவில் உள்ள இருபதுக்குச் சற்றுக் கூடிய பையன்களைத் தெரிந்து ஓரிடத்துக்குக் கொண்டுவருவது. 17 வயதுக்குட்பட்ட அணியொன்று, 18 வயதுக்குட்பட்ட அணியொன்று என இரண்டு வருடம் வைத்துப் பயிற்றுவது. பகலில் உள்ளூர்ப் பாடசாலைக்குப் போவார்கள். பிறகு பனித்தளம், உடற்பயிற்சி. 2015இல் இத்திட்டம் பக்கத்து நகரான பிளிமத்துக்கு மாறியது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விடயம் உண்டு. இந்தப் பையன்களை அவர்களின் வயதொத்தவர்களோடு மோதவிட்டு வெற்றிக் கிண்ணம் அடுக்குவதில்லை. இருபது வயது வரையுள்ளவர்கள் ஆடும் லீக்கிலே விடுகிறார்கள். மூத்த அணியைப் பல்கலைக்கழக அணிகளோடும் ஆடவிடுகிறார்கள். பதினாறு வயதுப் பையன் இருபது வயதுக்காரனிடம் அடிவாங்கித் தோற்பது அங்கே சாதாரணம். இன்றைய போட்டியின் முடிவைவிட, அந்தப் பையன் இருபத்திரண்டு வயதில் என்னவாக இருப்பான் என்பதே அவர்களுக்குக் கணக்கு. நாங்கள் பாடசாலைகளில் ஒவ்வொரு தவணையிலும் நிலை ஒன்று, நிலை இரண்டு என்று வரிசைப்படுத்துவதற்கு இது நேர்மாறு.

பலன் கிடைத்தது. 2004இல் முதன்முறையாக உலக இளையோர் தங்கத்தை வென்றார்கள். அதிலிருந்து 2025 வரை மொத்தம் ஏழு தடவை வென்றுவிட்டார்கள். 2019ஆம் ஆண்டுத் தெரிவில் முதற் சுற்றிலேயே இத்திட்டத்தின் அணியிலிருந்து 8 பேர் எடுக்கப்பட்டார்கள். ஏழு சுற்றிலுமாக 17 பேர். அவ்வருடம் முதலாவது பெயராக எடுக்கப்பட்ட ஜாக் ஹியூஸும் இங்கே வளர்ந்தவர்தான். அவருடைய அண்ணன் குவின் 2018இல் 7ஆவதாகவும், தம்பி லூக் 2021இல் 4ஆவதாகவும் எடுக்கப்பட்டார்கள். மூவரும் இத்திட்டத்தின் வழி வந்தவர்கள். வாப்பா ஜிம் பயிற்றுவிப்பாளர். உம்மா எலன் வைன்பெர்க் 1992இல் உலகப் பெண்கள் போட்டியில் வெள்ளி வென்ற அமெரிக்க அணியில் ஆடியவர். வீட்டில் உம்மாவே ஒரு பாடசாலை என்பது ஹொக்கிக்கும் பொருந்தும் போலிருக்கிறது.

ஆனால் இருபது பேரைப் பொறுக்கியெடுத்து வளர்ப்பது இலகு. அந்த இருபது பேர் எங்கிருந்து வருவார்கள்? இங்கேதான் இரண்டாவது காரியம் வருகிறது. 2009இல் அதே சம்மேளனம், தேசிய ஹொக்கி லீக்கின் ஆதரவோடு, சிறு பிள்ளைகளின் ஆட்டத்தையே மாற்றியது. எட்டு வயதும் அதற்குக் குறைந்தவர்களும் முழுத் தளத்தில் ஆடக் கூடாது. தளத்தை அகலவாக்கில் துண்டுகளாக்கி, ஒரே நேரத்தில் பல சின்ன ஆட்டங்கள் நடத்த வேண்டும்.

ஏன்? பெரியவர்களின் தளத்தில் சின்னப் பிள்ளைகளை விட்டால், வேகமாக ஓடத்தெரிந்த ஒருவன் வட்டைத் தட்டிக்கொண்டு நேரே போய்விடுவான். மற்றவர்கள் பின்னால் ஓடியே களைப்பார்கள். அந்த ஒருவன் யார்? பெரும்பாலும் ஜனவரிப் பிள்ளை. தளத்தைச் சுருக்கினால் ஓட இடமில்லை. திரும்ப வேண்டும், நிற்க வேண்டும், அடுத்தவனுக்குக் கொடுக்க வேண்டும், யோசிக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் வட்டு பல தடவை கிடைக்கும். அத்தோடு ஒரே நேரத்தில் அதிகமான பிள்ளைகள் ஆடலாம் என்பதால் தள வாடகையும் பங்கிடப்படும்.

தொடக்கத்தில் பெற்றோர்களே கடுமையாக எதிர்த்தார்கள். "எங்கள் பிள்ளையின் ஆட்டத்தைச் சின்னதாக்கிவிட்டீர்கள்" என்பது முறைப்பாடு. பின்னர் கனடாவும் சின்னப் பிள்ளைகளுக்கு இதே வழிக்கு வந்தது. உடலால் மோதித் தடுக்கும் முறையையும் அமெரிக்கா 2011இல் 12 வயதுப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டது. 2013இல் கனடாவும் அப்படியே செய்தது. தலையில் அடிபடும் பிள்ளைகளின் நிலைமையை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னதே இதற்குக் காரணம்.

பாலைவனத்திலிருந்து ஒருவர்

ஓஸ்டன் மத்தியூஸ் என்ற வீரரின் கதையை இங்கே சொல்வது பொருத்தம். அரிசோனா மாநிலத்தின் ஸ்கொட்ஸ்டேல் நகரில் வளர்ந்தவர். அது பாலைவனப் பிரதேசம். உம்மா மெக்சிக்கோ நாட்டவர். பனி என்பது கட்டிடத்துக்குள் இயந்திரம் வைத்து உறையவைத்தால்தான் உண்டு. பக்கத்து பீனிக்ஸ் நகரின் சின்னப் பனித்தளமொன்றில், ஒரு பக்கத்துக்கு மூன்று பேராக, இடநெருக்கடியில் ஆடிப் பழகினார். அந்த நெருக்கடியே அவருக்கு ஆசானாயிற்று.

பிறகு மிச்சிகன் திட்டத்துக்குத் தெரிவாகி அங்கே வளர்ந்தார். பிறந்தது 1997 செப்டெம்பர் 17. தெரிவுக்கான எல்லை செப்டெம்பர் 15 என்று முன்னரே சொன்னேனல்லவா? இரண்டே நாள் வித்தியாசத்தில் 2015ஆம் ஆண்டுத் தெரிவை இழந்தார். முழுதாக ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அவர் வீட்டில் இருந்து கவலைப்படவில்லை. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகருக்குப் போய், வளர்ந்த ஆண்களோடு தொழில்முறை லீக்கில் ஒரு பருவம் ஆடினார். 2016இல் முதலாவது பெயராக டொரொண்டோ அணி அவரை எடுத்தது. அவ்வருட ஒக்டோபரில் தேசிய ஹொக்கி லீக்கில் தம் முதல் போட்டியிலேயே 4 கோல் போட்டார்.

காத்திருந்ததால்தான் இப்படியானார் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் 2013இல் வெளியான ஓர் ஆய்வு இவ்விடயத்தில் சுவையானது. 1980 முதல் 2007 வரை தேசிய ஹொக்கி லீக்குக்குத் தெரிவான கனேடியர்களை எடுத்துப் பார்த்தார்கள். தெரிவானவர்களில் ஆண்டின் தொடக்கத்தில் பிறந்தவர்களே அதிகம். ஆனால் தெரிவான பின்னர் 400 போட்டிகள் ஆடுவது, 200 புள்ளிகள் பெறுவது போன்ற எல்லைகளைத் தொட்டவர்களைப் பார்த்தால், ஆண்டின் பிற்பாதியில் பிறந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. அதாவது தொழிலாக விளையாட்டை விற்று வாங்கும் அணிகளும், ஆயிரக்கணக்கில் செலவு செய்து ஆள்வைத்துப் பார்த்தும்கூட, பிந்திப் பிறந்தவர்களைக் குறைவாக மதிப்பிட்டுவிட்டார்கள். தடைகளைத் தாண்டி வந்து சேர்ந்த பிந்தியவன் உண்மையில் உறுதியானவன்.

சுவீடனில் ஓர்ன்ஷோல்ட்ஸ்வீக் என்ற சின்ன நகரம் இருக்கிறது. முப்பதாயிரம் பேரளவில் வாழ்கிறார்கள். கடல் ஓரம், காடு, கடதாசித் தொழில். அங்கே மோடோ என்ற கழகம். பீட்டர் போர்ஸ்பெர்க், மார்க்குஸ் நெஸ்லுண்ட், இரட்டையர்களான டானியேல் செடின், ஹென்ரிக் செடின், விக்டர் ஹெட்மன் என்று உலகறிந்த ஐவர் அந்த ஒரே ஊரார். போர்ஸ்பெர்க் 1973 ஜூலை 20இல் பிறந்தவர். பத்து நாள் கழித்து நெஸ்லுண்ட். செடின் சகோதரர்கள் 1980 செப்டெம்பர் 26. ஹெட்மன் 1990 டிசம்பர் 18. ஐவரும் ஆண்டின் பிற்பாதியினர்! ஐந்து பேரை வைத்து விதி எழுத முடியாது என்பதை நானறிவேன். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சின்ன ஊரில் பிள்ளைகளின் தொகை குறைவு. வெட்டித் தள்ளுவதற்கு ஆளில்லை. வந்தவனையெல்லாம் வைத்துக்கொண்டால்தான் ஓர் அணி சேரும். அதனால் டிசம்பர்ப் பிள்ளையும் கூடவே ஆடி வளர இடமிருக்கிறது.

சுவீடனில் பதினாறு வயதானதும் கழகத்தோடு இணைந்த உயர்நிலைப் பாடசாலைகளில் படிப்பையும் ஹொக்கியையும் சேர்த்துக் கொண்டுபோக வழியுண்டு. ஐம்பத்தைந்து இலட்சம் மக்களே உள்ள பின்லாந்து, வியெருமெக்கி என்ற இடத்திலுள்ள தன் விளையாட்டு நிலையத்தில் பயிற்றுவிப்பாளர்களைப் பயிற்றுவிப்பதில் கவனம் வைத்தது. 2022இல் ஒலிம்பிக் தங்கமும் உலகச் சம்பியன் பட்டமும் ஒரே வருடத்தில் அவர்களுக்குக் கிடைத்தன. ஆசிரியரை முதலில் தயார்செய்வது என்பது எனக்கு உடன்பாடான வழி. அது என் தொழில்பற்றாகவும் இருக்கலாம்.

வீட்டைவிட்டுப் போகும் வயது

கனடாவின் வழக்கம் வேறு. அங்கே மூன்று பெரிய இளையோர் லீக்குகள் உள்ளன. 16 முதல் 20 வயது வரையுள்ளோர் ஆடுகிறார்கள். எந்த ஊர் அணி எடுக்கிறதோ அந்த ஊருக்குப் போக வேண்டும். பத்து மணித்தியாலப் பயணத் தூரமாகவும் இருக்கலாம். பையன் அங்கே முன்பின் அறியாத ஒரு குடும்பத்தோடு தங்குவான். அவர்கள் சாப்பாடு போட்டு, பாடசாலைக்கு அனுப்பி, வீட்டுப் பிள்ளை போல வைத்திருப்பார்கள். பல குடும்பங்கள் இதை வருடக்கணக்காக அன்போடு செய்துவருகின்றன. ஆனாலும் பதினாறு வயதில் தாயைப் பிரிவது சின்ன விடயமல்ல.

நம்மவர்களுக்குச் சாப்பாடு, தொழுகை என்ற கேள்விகளும் உடனே எழும். நாஸிம் காதிரியின் பெயரை வாசகர்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். ஒன்டாரியோவிலுள்ள லண்டன் நகரில் லெபனானிய வம்சாவளியில் பிறந்தவர். கிச்சனர் நகர அணிக்கு ஆடிய பின் தம் சொந்த ஊரான லண்டன் அணிக்கு வந்து ஆடினார். 2009இல் 7ஆவது பெயராக டொரொண்டோ எடுத்தது. 2022இல் கொலராடோ அணியோடு லீக்கின் உயர் பரிசான ஸ்டான்லி கிண்ணத்தை வென்றார். பெருவிரலில் சத்திரசிகிச்சை செய்த நிலையிலே இறுதித் தொடரின் நான்காவது போட்டியில் இறங்கி, மேலதிக நேரத்தில் வெற்றி கோலையும் போட்டார். அக்கிண்ணத்தை வென்ற முதல் முஸ்லிம் வீரராக அறியப்படுகிறார். அவ்வருட ஓகஸ்டில் கிண்ணத்தைத் தம் ஊர்ப் பள்ளிவாசலுக்கும் கொண்டுவந்து பிள்ளைகளுக்குக் காட்டினார்.

அவர் பிறந்தது 1990 ஒக்டோபர் 6. அதாவது அந்தப் பத்து வீதத்தில் ஒருவர்.

பிந்தி மலரும் பிள்ளைக்கு இன்னொரு வழி பல்கலைக்கழகம். அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளில் இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது வரைகூட ஆடலாம். பட்டமும் கையில் கிடைக்கும். விஸ்கொன்சின் மாநிலத்தின் ஜோ பவெல்ஸ்கி 2003ஆம் ஆண்டுத் தெரிவில் 205ஆவது பெயர். ஏறக்குறைய எல்லா அணிகளும் பல தடவை அவரைத் தாண்டிப் போயின. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஆடி வளர்ந்து, பிறகு தேசிய லீக்கில் 1,300க்கும் மேற்பட்ட போட்டிகள் ஆடினார். முன்பெல்லாம் கனடாவின் பெரிய இளையோர் லீக்கில் ஒருமுறை ஆடிவிட்டால் அமெரிக்கப் பல்கலைக்கழக வாசல் மூடிக்கொள்ளும். பதினாறு வயதில் வீட்டார் எடுத்த முடிவு வாழ்நாளெல்லாம் கட்டிப்போடும். 2024 நவம்பரில் அந்த விதியை மாற்ற முடிவெடுத்தார்கள். 2025 ஓகஸ்டிலிருந்து இரண்டு வழியும் ஒரே பிள்ளைக்குத் திறந்திருக்கிறது. பெற்றோர்களுக்கு இது பெரிய ஆறுதல் என்று மாணவர் சொன்னார்.

இவ்வளவையும் நான் அவருக்குப் பல இரவுகளில் துண்டுதுண்டாகச் சொன்னேன். சிலதை அவர் எனக்குத் திருத்தித் தந்தார். பிள்ளையிடம் பிறந்த மாதக் கதையைச் சொல்வதா வேண்டாமா என்பதில் எங்களுக்குள் ஒத்த கருத்து வரவில்லை. சொன்னால் சாக்குச் சொல்லப் பழகிவிடுவான் என்றார் வாப்பா. சொல்லாவிட்டால் தன்னையே குறைவாக நினைத்துக்கொள்வான் என்றேன் நான். கடைசியில் உம்மாதான் ஒருநாள் காலைச் சாப்பாட்டில் கலண்டரை மேசையில் வைத்து, அவனுடைய விரலாலேயே ஜனவரியிலிருந்து நவம்பர் வரை எண்ணவைத்தாராம். பத்து மாதமும் எண்ணி முடித்துவிட்டு, "அப்படியென்றால் அவன் என்னைவிடப் பெரியவனா?" என்று கேட்டானாம்.

இப்போது குடியிருப்புப் பகுதிக் கழகத்தின் சாதாரண அணியில் ஆடுகிறான். வாரத்தில் இரண்டு நாள். வந்தவர்கள் எல்லோருக்கும் சம நேரம் தரும் அணி அது. பயிற்றுவிப்பாளர் ஒரு சீனத்துப் பையனின் தகப்பன், சம்பளமில்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்த சப்பாத்து கால் கடிக்கிறதென்று போன மாதம் ஒரு அளவு பெரிதாக வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த சித்திரையில் மீண்டும் தெரிவு வருகிறது. போவதா இல்லையா என்பதை அவனே சொல்லட்டும் என்று விட்டிருப்பதாக வாப்பா சொன்னார்.